எரிமலையின் மேல் ஒரு பகல்

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே புறப்படும் பதுளை வீதி, கறுத்தப் பாலத்தைக் கடந்து, வயல்வெளிகளை ஊடறுத்து, கரடியனாறு, புல்லுமலை வழியாக மலைநாட்டை நோக்கிச் செல்கின்றது. அவ்வீதியிலே மகா ஓயா என்னும் ஊரில் வெந்நீரூற்றுக்கள் சில இருக்கின்றன. நம் நாட்டு வெந்நீரூற்றுக்களுள் மிகுந்த சூடுடையவை அவையே என்பர். போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின், எங்கள் கல்லூரி மாணவர் சிலரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். கிணறுபோலக் கட்டப்பட்டிருந்த ஊற்றொன்றின் ஓரத்திற் குந்தியிருந்து, விரல் நுனியால் நீரைத் தொட்டுவிட்டு வெடுக்கென இழுத்துக்கொண்ட மாணவன் ஒருவன், "சேர், இதுக்குக் கீழ எரிமலை இருக்கா?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன். இலங்கையின் நிலம் மிகப் பழைய பாறைகளால் ஆனது. இங்கே உயிருள்ள எரிமலை எதுவுமில்லை. மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, மறுபடி மேலே வருகின்றது. அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவன் விடவில்லை. "எரிமலையில ஆக்கள் ஏறுவாங்களா சேர்?" என்றான். "புத்தியுள்ளவன் எவனும் ஏறமாட்டான்," என்று பதில் கூறி, மற்ற மாணவரின் சிரிப்பையும் பெற்றுக்கொண்டேன்.

அந்தப் பதிலை நினைத்து வெட்கப்பட வேண்டிய காலம் பின்னர் வந்தது. என் சொந்த மருமகனே மாரிகாலந்தோறும் எரிமலையொன்றின்மீது ஏறிச் சறுக்கி விளையாடுகின்றான் என்ற செய்தி, நியூசிலாந்திலே குடியேறியிருக்கும் என் தங்கையிடமிருந்து வந்தது. "நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான் அண்ணன். ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போங்க," என்று தொலைபேசியில் அழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

தங்கையின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுங்கூட. அந்நாட்களில் அவள் எங்களூருக்குக் கிழக்கே கடலோரக் கிராமமொன்றில் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பு நடத்தி வந்தாள். அன்று காலையிலே காய்ச்சலென்று வீட்டில் நின்றுவிட்டாள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபின், அலை நமது கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மனிதன் கடற்கரையிலிருந்து செங்கலடிக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் நடவென்று சொல்வதற்கு ஒருவருமில்லை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளிற் சிலர் அதன்பின் எந்த வகுப்புக்கும் வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மணமுடித்து அந்நிய நாடு சென்றாள். அங்கேயும் கடற்கரைக்கு அவள் போவது அரிது. அப்படிப்பட்டவளின் மகன் எரிமலையில் விளையாடுகின்றான் என்றால், தாயின் மனம் என்ன பாடுபடும்!

ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டேன். விமானப் பிரயாணத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. உறக்கமின்மையைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. ஒக்லாந்து நகரில் இறங்கியதும் மைத்துனர் என்னை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றபோது, வழியிற் பசும்புல் போர்த்த சிறு குன்றுகள் சில தென்பட்டன. "இவையெல்லாம் அணைந்த எரிமலைகள், மச்சான்," என்றார். அந்நகரமே ஐம்பதுக்குக் குறையாத சிறு எரிமலை வாய்களின் மீதும் அவற்றின் இடையிலுந்தான் கட்டப்பட்டிருக்கின்றதாம். தங்கை வீட்டுக்கு அணித்தாயுள்ள குன்றிலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மகனை எரிமலைக்குப் போகாதே என்று தடுக்கும் தாய், எரிமலை நிலத்திலேயே அடுப்பு மூட்டிச் சோறு சமைத்துக்கொண்டிருந்தாள். இதனை நான் அவளிடம் சொல்லவில்லை.

மருமகனுக்குப் பதினான்கு வயது. தமிழ் நன்கு விளங்கும். பேசும்போது சற்றுத் தடுமாறுவான். நான் எதற்காக வந்திருக்கின்றேன் என்பது அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. "மாமா, பாக்காமல் சொல்லாதீங்க. ஒரு நாள் வந்து பாருங்க," என்று மட்டும் சொன்னான். நியாயமான வழக்கென்று எனக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை அதிகாலையில் மைத்துனரும் மருமகனும் நானும் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். தங்கை வரவில்லை. இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்து, வாசலில் நின்று விபூதி பூசி அனுப்பினாள்.

தெற்கே செல்லும் வீதியில் தௌப்போ என்னும் பெருவாவி எதிர்ப்படுகின்றது. நமது மட்டக்களப்பு வாவியைப்போல நான்கைந்து மடங்கு பரப்புடையது. வாவிக் கரையிற் பிறந்தவனுக்கு எந்த வாவியைக் கண்டாலும் சொந்தங் கொண்டாடத் தோன்றும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முகங் கழுவினேன். அது சாதாரண வாவியன்று என்பதை மைத்துனர் பிறகுதான் கூறினார். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் ஏற்பட்ட வெடிப்பு, உலகம் கண்ட மாபெரும் எரிமலை வெடிப்புக்களுள் ஒன்று. வெடித்து உள்ளே அமிழ்ந்த பள்ளத்தில் நிறைந்த நீரே இன்று படகோட்டும் வாவி. சங்கப் பாடல்கள் நம் நாட்டிற் பாடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தை அண்டி, மனிதரே குடியேறியிராத அத்தீவில் அம்மலை தனக்குத் தானே வெடித்து அடங்கியிருக்கின்றது.

வாவியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் மூன்று மலைகள் வரிசையாகத் தோன்றின. தொங்கரிரோ, நௌருஹோ, ருவாபெஹு என்பன அவற்றின் பெயர்கள். மூன்றும் உயிருள்ள எரிமலைகள். அந்நாட்டின் ஆதிக்குடிகளாகிய மாவோரி மக்களுக்கு அவை மூதாதையர்; சிகரங்கள் புனிதமானவை. 1887ஆம் ஆண்டில் அம்மக்களின் தலைவராகிய ஹொரொனுக்கு தே ஹெயுஹெயு என்பவர் அச்சிகரங்களை நாட்டுக்கு அளித்தார். அதிலிருந்தே நியூசிலாந்தின் முதலாவது தேசிய வனம் உருவாயிற்று. நாங்கள் செல்ல வேண்டிய பனிச்சறுக்குத் தலத்தின் பெயர் வாக்கபாப்பா. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு வம்சாவளி என்ற பொருளும் உண்டாம். கலியாணப் பேச்சென்றதும் "என்ன குடி?" என்று முதலிற் கேட்கும் மட்டக்களப்பானுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ருவாபெஹு 2,797 மீற்றர் உயரமுடையது. வடதீவின் அதியுயர்ந்த மலை அது. வடதீவிலே திறந்த மலைச்சரிவிற் சறுக்க வேண்டுமென்றால் எரிமலையை விட்டால் வேறு கதியில்லை, இதைவிட மேற்கே தரனக்கி மலையிலே சிறிய சறுக்கிடம் ஒன்று உண்டு, அதுவும் எரிமலைதான். ஆகவே 1913ஆம் ஆண்டிலேயே ருவாபெஹுப் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. 1929இல் அடிவாரத்திலே மாளிகை போன்றதொரு விடுதியும் எழுந்தது. 2023இல் அது மூடப்பட்டுவிட்டது. நாங்கள் சென்றபோது செந்நிறக் கூரையுடன் வெறிச்சோடிக் கிடந்த அவ்விடுதியைக் கடந்து மேலே ஏறினோம்.

வண்டி செல்லக்கூடிய இடம் ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தோடு முடிந்துவிடுகின்றது. அதற்கு மேலே இரும்பு வடத்திலே தொங்கிச் செல்லும் கூண்டுகள் மனிதரை ஏற்றிச் செல்கின்றன. அவ்வடவூர்திக்கு வைத்திருக்கும் பெயரில் பாதி ஆங்கிலம், பாதி மாவோரி. தமிழிற் சொன்னால் வானத் தோணி. கல்லடிப் பாலத்தின் கீழே தோணியிற் சென்று பழகியவன், முதன்முறையாக ஆகாயத் தோணியில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது 2,000 மீற்றர் உயரத்தில் நின்றோம்.

பனியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். படங்களிலே காணும் பனி பஞ்சுபோல இருக்கும். நான் மிதித்த பனி, உப்பளத்தில் குவித்த உப்பைப்போல நறநறத்தது. கண் கூசும் வெண்மை. எங்கும் சிறுவர் கூட்டம். இரண்டு நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டி, கைகளில் ஊன்றுகோல் பிடித்து, சரிவிலே பாம்புபோல் நெளிந்து நெளிந்து இறங்குகின்றனர். மூன்று வயதுக் குழந்தையொன்று தாயின் கால்களுக்கிடையே சறுக்கிச் சென்றதைக் கண்டேன். என் மருமகன் அந்த வெள்ளைச் சரிவிலே ஒரு புள்ளியாகி மறைந்து, சிறிது நேரத்தில் என் முன்னே வந்து பனித்தூள் சிதற நின்றான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்கு முன் வீட்டிலே நான் கண்டதில்லை. வீட்டில் அவன் குனிந்த தலையோடு திரியும் பிள்ளை.

இத்தனை குதூகலத்துக்கும் மேலே, நாங்கள் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாமல், மலையுச்சியில் ஓர் ஏரி இருக்கின்றது. சுற்றிலும் பனி சூழ்ந்திருக்க, ஏரி மட்டும் உறைவதில்லை. அடியிலிருந்து எழும் வெப்பமும் வாயுக்களும் அதனைச் சூடாக்கிப் புளிக்கச் செய்துகொண்டிருக்கின்றன. அந்நீர் சில மாதங்களில் நம் கிணற்று நீரிலும் குளிர்ந்திருக்கும். சில மாதங்களில் 40 பாகைவரை சூடேறும். விஞ்ஞானிகள் அதன் சூட்டையும் மலையின் நடுக்கத்தையும் இரவு பகலாக அளந்து, ஆபத்தின் நிலையைப் பூச்சியம் முதல் ஐந்து வரை இலக்கமிட்டு அறிவிக்கின்றனர். 2022 மார்ச் மாதம் நடுக்கம் மிகுந்து, இலக்கம் ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தப்பட்டது. நாடே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலை வெடிக்கவில்லை, சில மாதங்களில் இலக்கம் மறுபடி ஒன்றாயிற்று. பூச்சியமாகவில்லை என்பதைக் கவனிக்க.

1895, 1945, 1995 என்று ஐம்பது ஆண்டுக்கொருமுறை அம்மலை பெரிதாகச் சீறியிருக்கின்றது. அப்படியானால் அடுத்தது 2045 என்று கணக்கிட்டு நிம்மதியடைவதற்கில்லை. மலை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இடையிடையே 1969இலும் 2007இலும் சீறியிருக்கின்றது. அம்மலையில் நெருப்புக் குழம்பைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது நீரைத்தான். வெடிப்பு ஏரி நீரை வாரி வெளியே வீசும்போது, அது பனியையும் சாம்பலையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு, கரைத்த சீமெந்துபோலப் பள்ளங்களின் வழியே பாய்ந்து வருகின்றது. யாவா மொழிச் சொல்லால் அதனை லாகார் என்பர். சேற்றுப் பெருக்கு என்று நாம் சொல்லலாம். 1969 யூன் மாதத்தில் அப்படியொரு பெருக்கு நாங்கள் நின்ற சறுக்குத் தலத்தினூடாகவே இரவில் இறங்கிச் சென்றது. 1995 செப்ரெம்பர் 23ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை மாலை, சறுக்குவோர் இறங்கி முடியும் வேளையில் மறுபடி இறங்கியது. இரு தடவையும் சரிவில் உயிர்ச்சேதமில்லை. நேரத்தின் தயவு என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாத் தடவையும் நேரம் தயவு காட்டவில்லை. 1945ஆம் ஆண்டு வெடிப்பிலே ஏரி வெறுமையாகி, வாயிலே சாம்பலும் கல்லும் அணைபோலக் குவிந்தன. எட்டு ஆண்டுகளில் நீர் மறுபடி நிறைந்தது. 1953 மார்கழி 24ஆந் திகதி இரவு அந்த அணை உடைந்தது. மலை வெடிக்கவில்லை, சத்தமில்லை, நீர் மட்டும் இறங்கி, வங்ஙாயெஹு ஆற்றின் வழியே ஓடி, தங்கிவாய் என்னுமிடத்தில் இருந்த புகையிரதப் பாலத்தின் தூண்களை அரித்துச் சென்றது. சில நிமிடங்களில், நத்தாருக்கு வீடு செல்லும் மக்களுடன் வெலிங்ரனிலிருந்து ஒக்லாந்துக்குச் செல்லும் கடுகதிப் புகையிரதம் வந்தது. சிரில் எல்லிஸ் என்னும் தபால் எழுதுவினைஞர் வீதியில் வந்தவர், பாலம் ஆடுவதைக் கண்டு, கைவிளக்கை ஆட்டியபடி தண்டவாளத்தின் வழியே புகையிரதத்தை நோக்கி ஓடினார். ஓட்டுநர் தடையை இழுத்திருக்கின்றார். ஆயினும் இயந்திரமும் முன் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. வண்டியில் இருந்த 285 பேரில் 151 பேர் மாண்டனர். எலிசபெத் மகாராணியார் அச்சமயம் நியூசிலாந்தில் இருந்தார். அதே பிரயாணத்தின்போது அடுத்த சித்திரையில் இலங்கைக்கும் வந்தார்.

மலையடிவாரத்தில் இக்கதையை வாசித்தபோது என் நெஞ்சிலே வேறொரு புகையிரதம் ஓடிற்று. 2004 மார்கழி 26இல் கொழும்பிலிருந்து தெற்கே சென்ற வண்டி, பெரலிய என்னும் ஊரிலே முதல் அலையால் நிறுத்தப்பட்டது. வண்டியே காப்பென்று கருதி ஊர்மக்களும் அதில் ஏறிக்கொண்டனர். பின்வந்த பேரலை வண்டியைப் புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரு வண்டிகளும் நத்தாரையொட்டிய நாட்களிலேதான் சென்றன. முன்னதற்காக விளக்கை ஆட்டிக்கொண்டு ஓட ஒருவனுக்குச் சில நிமிடங்களாவது கிடைத்தன. பின்னதற்கு மணிக்கணக்கான அவகாசம் இருந்தது, விளக்குத்தான் இல்லை.

தங்கிவாய்க்குப் பின் அந்நாட்டார் சும்மா இருக்கவில்லை. 1995, 1996 வெடிப்புக்களின் பின் ஏரி வாயிலே மறுபடி சாம்பல் அணை எழுந்தபோது, பழைய கதை திரும்புமென்று அறிந்து, ஆற்றின் மேற்பகுதியில் ஒலியையும் நடுக்கத்தையும் உணரும் கருவிகளைப் பதித்தனர். அணையை முன்கூட்டியே வெட்டிவிடலாமா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர்; புனித மலையை இயந்திரங்கொண்டு வெட்டலாகாது என்ற கருத்தும் அவ்வாதத்தில் இடம் பெற்றது. வெட்டவில்லை. 2007 மார்ச் 18இல் அணை தானாகவே உடைந்து, 1953ஐப் போன்ற பெருக்கு அதே ஆற்றில் வந்தது. கருவிகள் ஒலித்தன, வீதிகள் அடைக்கப்பட்டன, புகையிரதங்கள் நிறுத்தப்பட்டன. ஒருவருக்கும் காயமில்லை.

கருவிகளை முற்றாக நம்பிவிடவும் முடியாது. அதே ஆண்டு செப்ரெம்பர் 25இல் இரவு எட்டு மணிக்குமேல் மலை திடீரென வெடித்தது. முன்னறிகுறி சில நிமிடங்கள்தான். உச்சியருகே குடிசையொன்றிலே தங்கியிருந்த மலையேறி ஒருவரின் கால் கற்களாற் சிதைந்தது. யப்பானிலே 2018 சனவரி 23இல் குசற்சு சிரனே மலையிலே சறுக்குத் தலத்துக்கு அருகே வெடிப்பு நேர்ந்து, பயிற்சியில் இருந்த படைவீரர் ஒருவர் இறந்தார். அங்கே விஞ்ஞானிகள் அருகிலிருந்த வேறொரு வாயைக் கண்காணித்துக்கொண்டிருக்க, எதிர்பாராத இடத்திலே மலை திறந்தது. நியூசிலாந்திலேயே 2019 மார்கழி 9இல் வக்காரித் தீவின் எரிமலை, உல்லாசப் பிரயாணிகள் அதன்மேல் நின்ற வேளையில் வெடித்து 22 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது அங்கே இலக்கம் இரண்டு. இவற்றையெல்லாம் தங்கை வரி தவறாது அறிந்திருந்தாள். நானும் மறைக்க விரும்பவில்லை.

இனி நான் சொல்ல வந்த சிறு சம்பவத்துக்கு வருகின்றேன். நண்பகல் இருக்கும். இரு முகடுகளுக்கிடையே அகன்ற பள்ளமொன்று வளைந்து இறங்கியது. காற்று அங்கே படவில்லை, வெயிலும் இதமாயிருந்தது. தங்கை கட்டித்தந்த பொதியை அவிழ்த்து உண்பதற்கு இதைவிட நல்ல இடமில்லையென்று எண்ணி, மெல்ல மெல்ல இறங்கி, பள்ளத்தின் நடுவே ஒரு கல்லிலே அமர்ந்தேன். சம்பலின் வாசனை அந்தக் குளிரிலே மூக்கைத் துளைத்தது. முதற் கவளத்தை வாயிலிடும்போது மேலேயிருந்து, "மாமா! அங்க இருக்காதீங்க! மேல வாங்க!" என்ற குரல் கேட்டது. யாருடைய சறுக்குப் பாதையையோ மறித்துவிட்டேனாக்கும் என்று எண்ணி, பொதியைச் சுருட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினேன்.

"அது லாகார் வாற வழி, மாமா," என்றான் பையன், நம் வீட்டுப் பிள்ளை 'அது மாடு வாற வழி' என்று சொல்லும் அதே பாவனையில். பதற்றமோ பெருமையோ அவன் குரலில் இல்லை. பின்னர் என்னை அழைத்துச் சென்று, கம்பமொன்றிலே மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். மலையின் பள்ளங்களெல்லாம் நிறமிட்டுக் காட்டப்பட்டிருந்தன. அபாயச் சங்கு ஒலித்தால் கீழ்நோக்கி ஓடக்கூடாது, வாகனத்தைத் தேடக்கூடாது, பள்ளத்தை விட்டு அருகிலுள்ள முகட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். சங்கை ஒலித்துப் பயிற்சியும் நடத்துவதுண்டு. தொடக்கத்தில் நடத்திய பயிற்சிகளிலே மக்கள் எல்லோரும் சரியாக நடந்துகொள்ளவில்லை; ஊழியர்களே சிலர் தடுமாறினராம். தடுமாறியதை மறைக்காமல் எழுதிவைத்து, மறுமுறை திருத்திக்கொண்டனர் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

"மேல வெடிச்சா, இங்க வர எத்தனை நேரம்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நிமிசந்தான்."

"அதுக்குள்ள ஏறலாமா?"

அவன் பள்ளத்தையும் முகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க இருந்த இடத்தில இருந்து கஷ்டம், மாமா. நான் நிக்கிற இடத்தில இருந்து ஏறலாம்," என்றான். நான் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை.

தடுக்க வந்தவன் மனம் மாறிவிட்டான் என்று வாசகர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். ஏரியருகே செல்லக் கூடாது என்றும், இலக்கம் இரண்டானால் வீட்டைவிட்டுப் புறப்படவே கூடாது என்றும் அவனிடம் வாக்குப் பெற்றுக்கொண்டேன். இரண்டாவது வாக்கைத் தர அவனுக்கு மனமில்லை, பல காரணங்கள் கூறினான், ஈற்றில் தந்தான். அன்றிரவு வீடு திரும்பியபோது தங்கை கதவருகே விழித்திருந்தாள். நான் கண்டதை எல்லாம் சொன்னேன். வாதாடவில்லை, பள்ளத்திலிருந்து பையன் என்னைக் கூப்பிட்டதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட பிள்ளைகளுக்கு அப்பிடி ஒருத்தரும் சொல்லல்லியே, அண்ணன்," என்றாள். எந்தப் பிள்ளைகளைச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கிற்று.

செங்கலடிக்குத் திரும்பி வந்த முதல் வாரத்திலே, மாலையொன்றில் புன்னைக்குடாக் கடற்கரைக்குச் சென்றேன். கடல் அமைதியாயிருந்தது. சிறுவர் பந்து விளையாடினர். கரைவலைக்காரர் வலையை உலர்த்திக்கொண்டிருந்தனர். 2004இன் பின் நம் நாட்டிலும் சட்டம் இயற்றி, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைத்து, கரையோரம் எங்கும் எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவினார்கள். அவற்றுட் பல பழுதடைந்துவிட்டதாக அண்மைக் காலத்திற் செய்திகளும் வந்தன. எனினும் 2012 ஏப்பிரல் 11இல் சுமாத்திராப் பக்கம் மறுபடி பெருநடுக்கம் நேர்ந்தபோது, சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு நம் மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை. வீணாக ஓடினோமென்று அலுத்துக்கொண்டோரை அப்போது நானும் கேட்டிருக்கின்றேன். அவர்களோடு சேர்ந்து சிரித்தும் இருக்கின்றேன்.

மறுநாள் வகுப்பிலே பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கரும்பலகையிலே கடலையும் வாவியையும் வீதிகளையும் வரைந்தேன். சவுக்கடி, களுவன்கேணிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம், "இப்போது வீட்டிலே இருக்கிறீர்கள், சங்கு ஒலிக்கிறது, எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் செங்கலடிச் சந்திக்கு என்றனர். ஒருவன், "பதுளை றோட்டால போய்க்கொண்டே இருப்பன் சேர்," என்றான். பின் வாங்கிலிருந்த பெண்ணொருத்தி எழுந்து, "சந்திக்கு வரவே ஒரே வழிதான் சேர். எல்லாரும் மோட்டச் சைக்கிள்ல அதால வந்தா, நடக்கிற ஆக்கள் எங்கால போறது?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று மாலையே அவளையும் வேறு மூவரையும் அவர்களுடைய பெற்றோரின் சம்மதத்தோடு அழைத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து சந்தி வரை நடந்து பார்த்தோம். வயல் வரம்போடு இரண்டாவது வழியொன்று இருக்கின்றது. மாரியிலே அது நீரில் மூழ்கிவிடும் என்று வயற்காரர் ஒருவர் சொன்னார். அதைப் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு மாணவரே ஒரு கடிதம் எழுதியிருக்கின்றனர்.

செப்ரெம்பர் இறுதியில் தங்கை தொலைபேசியிற் பேசினாள். பள்ளி விடுமுறைக்கு மகனோடு தானும் மலைக்குச் சென்று வந்தாளாம். வானத் தோணியிலே கண்ணை மூடிக்கொண்டாளா என்று கேட்டேன், இல்லையென்றாள். சறுக்கினாயா என்று கேட்டேன். "எனக்கென்னத்துக்கு அது? தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு அவனப் பாத்துக்கிட்டு நிண்டன்," என்றாள்.

"எங்கே நின்றாய்?" என்றேன்.

"மேட்டிலதான்," என்றாள்.